தடை உண்டா என்று கேட்டபோது எழுந்து நின்றவன்

என்னோடு சேர்ந்து அழுது, ஜெபித்து, கடைசியில் என் வீட்டுக் கல்யாணச் சாப்பாட்டையும் ருசித்துச் சாப்பிட்ட எங்கள் சபையாருக்கும், என்னை யாரென்றே தெரியாமல் இதை வாசிக்கிற மற்ற விசுவாசிகளுக்கும் பெரம்பலூரிலிருந்து ஸ்தோத்திரம் சொல்லி எழுதுகிறேன். இதை எழுதிக் கொடுக்கும்படி எங்கள் போதகர் ஐயா ரொம்ப நாளாகக் கேட்டார். பிள்ளைகள் இரண்டு பேரும் சரி என்ற பிறகுதான் பேனாவை எடுத்தேன்.

2005ஆம் வருஷம், ஆகஸ்ட் மாதம். என் மகள் கிருபாவின் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்து, பாதிப் பேருக்குக் கொடுத்தும் முடித்திருந்தோம். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அரியலூரிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா போன் பண்ணினார்கள். குரலே சரியில்லை.

"ரெண்டாவது ஓலைய வாசிக்க வேணாம்னு உங்க போதகர் ஐயாகிட்ட சொல்லிருங்க. நேர்ல வந்து பேசிக்கிறோம்."

அவ்வளவுதான். வைத்துவிட்டார்கள். நான் கத்தரிக்கோலும் கையுமாக நின்றேன். யாரோ ஒருத்தியின் ஜாக்கெட் துணி பாதி வெட்டியபடி மேசையில் கிடந்தது. மீதியை எப்படி வெட்டினேன் என்று இன்றுவரை எனக்கு ஞாபகமில்லை. அந்த ஜாக்கெட் அவளுக்குக் கச்சிதமாக இருந்ததாம். அதையும் ஒரு அற்புதமாகத்தான் எண்ணிக்கொள்கிறேன்.

ஓலை என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பொண்ணு, மாப்பிள்ளை பெயரையும் ஊரையும் பெற்றோர் பெயரையும் போதகர் சத்தமாக வாசிப்பார். வாசித்துவிட்டு, "இந்தக் கல்யாணத்துக்குத் தடை சொல்ல யாருக்காவது நியாயமான காரணம் உண்டா?" என்று கேட்பார். ஒரு நிமிஷம் அமைதியாக இருப்பார். அந்த ஒரு நிமிஷம் பொண்ணைப் பெற்றவளுக்கு ஒரு யுகம். யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். எழுந்து நான் பார்த்ததே இல்லை. கிருபாவுக்கு முதல் ஓலை வாசித்து இரண்டு நாள்கூட ஆகாத நேரத்தில்தான் அந்தப் போன் வந்தது.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பிறந்த ஊர் வேப்பந்தட்டைப் பக்கம். கல்யாணத்துக்குப் பிறகுதான் ஆண்டவரை அறிந்தேன். பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சின்னத் தையல் கடை வைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் பெரம்பலூரிலிருந்து குன்னம் வழியாக அரியலூர் போகிற தனியார் பஸ்ஸில் டிரைவர். மூத்தவள் கிருபா, பி.எஸ்ஸி. கணக்கு படித்துவிட்டு ஒரு நர்சரி பள்ளியில் டீச்சராக இருந்தாள். இளையவன் ஸ்டீபன், அப்போது பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம். எங்கள் இரண்டு பேர் வம்சத்திலும் காலேஜ் வாசலை மிதித்த முதல் பொண்ணு கிருபாதான். அவள் தெருவில் நடந்து போனால் நான் தையல் மிஷினை நிறுத்திவிட்டுப் பார்ப்பேன். எனக்குப் பெருமை கொஞ்சம் அதிகம் என்று சபையில் சொல்வார்கள். சொல்லட்டும். கொடுத்தவர் ஆண்டவர், பெருமைப்படாமல் எப்படி இருப்பது?

மாப்பிள்ளை ஜான்சன் அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையில் லேபில் வேலை பார்க்கிற பையன். அப்பா இல்லை. அவன் அம்மாவும், சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற அவன் தாய்மாமனும்தான் எல்லாவற்றையும் முன்னின்று செய்தார்கள்.

சொன்னபடி வியாழக்கிழமை சாயங்காலம் அம்மாவும் மாமாவும் வீட்டுக்கு வந்தார்கள். காபி கொடுத்தேன். தொடவில்லை. மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"சொல்றதுக்கே கூச்சமா இருக்குங்க. இன்டர்நெட்ல சாட்டிங்னு ஒண்ணு இருக்கு. முன்னப்பின்ன தெரியாதவங்க பேசிக்கிற எடம். அதுல உங்க பொண்ணு பேர்ல, பெரம்பலூர் டீச்சர்னு சொல்லிக்கிட்டு, ஆம்பளைங்ககிட்ட ரொம்ப அசிங்கமா பேசியிருக்கு. பத்திரிகை வந்து பேரையும் ஊரையும் பார்த்தப்பதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு."

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துவிட்டார். எனக்குக் கண் இருட்டியது. ஆனால் என் வாய் மட்டும் எப்போதும் இருட்டுவதில்லை.

"சரிங்க தம்பி. அந்த எடத்துல நீங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

"நான் சும்மா... பொண்ணப் பத்தி ஒரு வெரிஃபிகேஷனுக்காக..."

"பத்திரிகை உங்களுக்கு வந்தது போன வாரம். நீங்க பேசுனது அதுக்கு முந்தின்னு நீங்களே சொல்றீங்க. அப்ப எந்தப் பொண்ண வெரிஃபிகேஷன் பண்ணீங்க?"

அவர் முகம் சுண்டிப் போய்விட்டது. சம்பந்தியம்மாவுக்கு என் கேள்வி பிடிக்கவில்லை. "எங்க வூட்டு ஆம்பளயக் குத்தம் சொல்லி உங்க பொண்ணக் காப்பாத்த முடியாதுங்க" என்று எழுந்துவிட்டார்கள். வாசலில் செருப்பு மாட்டும்போது மட்டும் கொஞ்சம் இறங்கி, "எனக்கும் ஒரே மகன்ங்க. நான் என்ன பண்ணுவேன்?" என்றார்கள். அவர்கள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. அது எனக்குக் கோபத்தைவிட அதிகமாக வலித்தது.

கிருபா அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "நீயாடி?" என்று நான் கேட்கவே இல்லை. அந்தக் கேள்வி என் மனதில் எழவும் இல்லை. இதை நான் சத்தியமாகச் சொல்வேன். அவளே என் பக்கத்தில் வந்து, "நான் இல்லம்மா" என்றாள். "எனக்குத் தெரியும்டி" என்றேன். ஸ்டீபன் தட்டில் போட்ட சோற்றை அப்படியே வைத்துவிட்டு வெளியே போனான். அக்காமேல் உயிரான பையன், தாங்க முடியவில்லை என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் என் கடைக்கு இரண்டு கடை தள்ளி இருக்கிற பிரவுசிங் சென்டருக்குப் போனேன். நடத்துகிறவர் ரபீக் தம்பி. பலகை தடுத்த சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு கம்ப்யூட்டர். அதுவரை நான் அந்த வாசற்படி ஏறியதில்லை. விஷயத்தைச் சொன்னேன். அவர் அந்தப் பெயரைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அக்கா, அந்த ஐடி கிருபா பேர்ல இருக்கே தவிர, கிருபாவோடது மட்டும் இல்லியே. உங்க சபைப் புள்ளைங்க அத்தனை பேரும் அதுலதான வர்றாங்க!"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வட நாட்டில் ஊழியம் செய்கிற ஒரு குடும்பம் தங்கள் ஜெபக் குறிப்புகளை ஈமெயிலில் அனுப்புவதாகச் சொன்னபோது, எங்கள் வாலிபர் கூட்டத்துக்கு ஒரு ஈமெயில் முகவரி தேவைப்பட்டது. கிருபா வாலிபர் கூட்டத்துச் செயலாளர். ரபீக் தம்பிதான் திறந்து கொடுத்தார். பெயர் கேட்ட இடத்தில் செயலாளர் பெயரைப் போட்டார்கள், ஊரையும் சேர்த்துக்கொண்டார்கள். பாஸ்வேர்டு என்று எங்கள் சபையின் பெயரையே வைத்து, எல்லாருக்கும் சொல்லியும் கொடுத்தார்கள். ஆளுக்கு ஒன்று எதற்கு, சபைக்கு ஒன்று போதாதா என்று நாங்களும் நினைத்தோம். சபையில் ஒரு அண்டா, ஒரு ஆர்மோனியம், ஒரு ஜமுக்காளம் இருப்பது மாதிரி ஒரு ஈமெயில். இதில் தப்பு இருக்கும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. எங்களைப் போன்ற ஜனங்கள்தான் இப்படி ஒரு காரியத்தைச் செய்வார்கள்.

"பையனுங்க கூட்டமா வந்து ஒரே சிஸ்டத்துல உக்காந்து சிரிச்சிட்டு இருப்பாங்க. யாரு என்ன தட்டுனாங்கன்னு எனக்கு எப்படிக்கா தெரியும்? பொண்ணு பேர்ல போனாத்தான் அங்க எல்லாரும் பதில் சொல்லுவாங்க. அதுக்காக எவனோ உங்க பொண்ணு பேர எடுத்திருக்கான்" என்றார் ரபீக் தம்பி. பிறகு, "கவலப்படாதீங்கக்கா. இன்ஷா அல்லாஹ், உண்ம வெளிய வரும்" என்றார். வேறு மார்க்கத்துத் தம்பி சொன்னதுதான். ஆனாலும் அந்த வாரத்தில் எனக்குக் கிடைத்த முதல் ஆறுதல் அதுதான்.

உடனே அரியலூருக்குப் போன் போட்டு இதைச் சொன்னேன். சம்பந்தியம்மா நம்பவில்லை. "மாட்டிக்கிட்டா யாரும் இப்படித்தாங்க சொல்லுவாங்க. செஞ்சவன் யாருன்னு காட்டுங்க" என்றார்கள். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வேறு ஒரு ஜோடிக்கு ஓலை வாசித்தார்கள். எங்கள் பிள்ளை பெயர் வரவில்லை. நான் எப்போதும் உட்காருகிற முன்வரிசையிலேதான் உட்கார்ந்தேன். முதுகுக்குப் பின்னால் அத்தனை தலையும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டது எனக்குத் திரும்பாமலே தெரிந்தது. கிருபா என் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டை விடாமல் பாடினாள். குரல் நடுங்கவில்லை. என் வீட்டுக்காரர் பாடு இன்னும் மோசம். அவர் ஓட்டுகிற பஸ்ஸிலேயே அரியலூர் ஜனங்கள் ஏறுகிறார்கள். அவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டே, "டிரைவர் பொண்ணு கல்யாணம் நின்னுபோச்சாமே" என்று பேசினார்களாம். அவர் ஹாரன் அடித்துக்கொண்டே போனதாகச் சொன்னார். குழந்தை மாதிரி அழுதார். அத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

அன்றைக்கு உபவாசம் எடுத்தேன். கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு, தையல் மிஷினுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற இடுக்கில் முழங்கால் போட்டேன். என் ஜெபம் மிருதுவாக இருந்தது என்று சொல்ல மாட்டேன்.

"ஆண்டவரே, என் பொண்ணு பேரை அசிங்கப்படுத்தினவன் யாரென்று உமக்குத் தெரியும். எனக்குத் தெரிய வேண்டாம். சபைக்குத் தெரிய வேண்டும். அவனைச் சபை நடுவில் எழுப்பி நிறுத்தும். அவன் வாயாலேயே சொல்ல வையும்."

தினமும் இதே ஜெபம்தான். மனதுக்குள் எனக்குச் சந்தேகப் பட்டியலும் இருந்தது. கீபோர்டு வாசிக்கிற பையன்மேல் எனக்கு எப்போதும் ஒரு கண். ஆராதனைக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வருகிற சபை மூப்பர் மகன்மேல் இரண்டு கண்ணும். அவர்கள் இரண்டு பேரும் இதை வாசித்தால் சிரிக்க வேண்டும். அந்தப் பிள்ளைகளிடம் எப்போதோ மன்னிப்புக் கேட்டாகிவிட்டது.

நான் சத்தமாக ஜெபிப்பது கிருபா காதிலும் விழுந்திருக்கிறது. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா, அந்த ஜெபத்தக் கொஞ்சம் மாத்திப் பண்ணும்மா."

"எதுக்குடி மாத்தணும்? பண்ணுனவன் வெளிய வர வேணாமா?"

"வரணும்மா. ஆனா வந்தப்புறம் நீ அவன என்ன பண்ணுவேன்னும் சேத்து ஜெபம் பண்ணு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. போதகர் வீட்டுப் பிள்ளையாக இருக்குமோ என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. அன்றைக்குச் சாயங்காலமும் அதற்கு அடுத்த நாள்களிலும் அவள் பிரவுசிங் சென்டருக்குப் போவதைப் பார்த்தேன். ஊரே வாய்க்கு வந்தபடி பேசும்போது அங்கே எதற்குப் போகிறாள் என்று எனக்கு ஆத்திரம். கேட்டேன். "கொஞ்சம் சுத்தம் பண்ற வேல இருக்கும்மா" என்று மட்டும் சொன்னாள். ஆனாலும் அவள் சொன்னபடி ஜெபத்தில் ஒரு வரி சேர்த்தேன். "அவன் யாராக இருந்தாலும் அவனைத் தாங்கிக்கொள்ள எனக்குப் பெலன் தாரும்" என்று. மனதில்லாமல்தான் சேர்த்தேன். ஆண்டவர் அந்த வரியைத்தான் முதலில் எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது.

இதற்கிடையில் போதகர் ஐயா அரியலூருக்குப் போய் ஜான்சனிடம் நேராகப் பேசினார். அந்தப் பையன் சொன்ன பதிலை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"ஐயா, ஓலைங்கறதே தடை இருந்தா சொல்லத்தான வாசிக்கிறாங்க? நிறுத்தி வச்சா எப்படித் தெரியும்? வர்ற ஞாயித்துக்கிழம பெரம்பலூர் சபையில ரெண்டாவது ஓலைய வாசிங்க. நானும் வரேன், அம்மாவையும் மாமாவையும் கூட்டிட்டு வரேன். சொல்றவங்க என் மொகத்துக்கு முன்னாடி சொல்லட்டும்."

அந்த ஞாயிறு வந்தது. காலையில் அவர்கள் மூன்று பேரும் வந்து வலது பக்கம் உட்கார்ந்தார்கள். கிருபா வெள்ளையில் சின்ன நீலப் பூ போட்ட புடவை கட்டியிருந்தாள். நான் தைத்துக் கொடுத்த ஜாக்கெட். கோயில் நிறைந்திருந்தது. கிறிஸ்துமஸுக்குக் கூட வராதவர்கள் எல்லாம் அன்றைக்கு வந்திருந்தார்கள். எதற்கு வந்தார்கள் என்று எனக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

பிரசங்கம் என் காதில் ஏறவில்லை. அறிவிப்பு நேரம் வந்தது. போதகர் ஐயா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு பேர் பெயரையும் வாசித்தார். பிறகு வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"இந்தக் கல்யாணத்துக்குத் தடை சொல்ல யாருக்காவது நியாயமான காரணம் உண்டா?"

ஒரு நிமிஷம். மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அப்போது பின்னால் பெஞ்சு நகர்கிற சத்தம் கேட்டது. கோயிலே ஒன்றாக மூச்சை இழுத்தது. திரும்பிப் பார்த்தேன்.

என் மகன் ஸ்டீபன் எழுந்து நின்றான்.

ஏதோ உளறப் போகிறான் என்று நினைத்து, "உக்காருடா" என்று சைகை காட்டினேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. போதகர் ஐயாவைப் பார்த்தான்.

"ஐயா, கல்யாணத்துக்குத் தடை ஒண்ணும் இல்லீங்க. ஆனா நான் ஒண்ணு சொல்லணும். எங்க அக்கா பேர்ல அந்தச் சாட்டிங்ல பேசுனது நான்தான்."

முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மேலே சொன்னான்.

"பாலிடெக்னிக் பசங்களோட உக்காந்து வெளையாட்டா ஆரம்பிச்சேங்கய்யா. பையன் பேர்ல போனா எவனும் பேச மாட்டான். பொண்ணு பேர்ல போனா விழுந்து விழுந்து பேசுவானுங்க. அவனுங்கள ஏமாத்திச் சிரிக்கறதுக்காக அக்கா பேர், அக்கா வேல எல்லாத்தயும் சொன்னேன். அசிங்கமாவும் பேசுனேன். பலகைக்குப் பின்னாடி உக்காந்திருந்தா யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன். மொத நாளு நான் சோத்த வச்சுட்டு எந்திரிச்சுப் போனப்பவே அக்காவுக்குத் தெரிஞ்சு போச்சு. என்கிட்ட வந்து, 'நீயா சொல்ற வரைக்கும் நான் சொல்ல மாட்டேன்டா. கல்யாணம் நின்னாலும் சொல்ல மாட்டேன்' அப்படின்னு..."

அவன் உட்காரவில்லை. நின்றுகொண்டே அழுதான்.

அன்பானவர்களே, நான் கேட்டது அப்படியே கிடைத்தது. சபை நடுவில் எழுப்பி நிறுத்தும் என்றேன், நிறுத்தினார். அவன் வாயாலேயே சொல்ல வையும் என்றேன், சொல்ல வைத்தார். அது என் வயிற்றில் பிறந்தவனாக இருப்பான் என்று மட்டும் நான் நினைக்கவில்லை. ஆனால் மனதில்லாமல் சேர்த்த அந்த ஒரு வரி அப்போது என்னைத் தாங்கியது. நானும் எழுந்தேன். பின்வரிசைவரை நடந்துபோய் அவன் பக்கத்தில் நின்றுகொண்டேன். நான் பேசாமல் நின்றதை அன்றைக்குத்தான் சபை முதல் தடவையாகப் பார்த்தது.

அடுத்து நடந்தது யாரும் எதிர்பார்க்காதது. ஜான்சன் திரும்பித் தன் மாமாவைப் பார்த்தான். வெறும் பார்வைதான். மாமா வேர்த்துக் கொட்டியபடி மெல்ல எழுந்தார்.

"அந்தப் பையன் சொல்றது நெசந்தாங்க. பேசுனது அந்தப் பொண்ணு இல்லன்னு எனக்கு ரெண்டு நாள் முந்தியே தெரியும். அந்தப் பேர்ல இருந்து எனக்கு ஒரு மெயில் வந்துச்சு. நான் யாருன்னு தெரியாமயே அந்தப் பொண்ணு எழுதியிருக்கு. எவனெவன்கிட்ட அந்தப் பேர்ல பேசியிருக்கோ, அத்தன பேருக்கும் எழுதியிருக்கும்போல. 'உங்களிடம் பேசியது நான் அல்ல. உங்களை ஏமாற்றியதற்கு எங்கள் வீட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்கிறேன். உங்களுக்காக ஜெபிக்கிறேன்'னு இருந்துச்சு. யாரு செஞ்சதுன்னு பேர் சொல்லல. எங்களையும் ஒரு வார்த்த திட்டல. சாட்டிங்குக்கு அப்புறம் நான் மெயில்ல எழுதுனது எல்லாம் அதுக்குக் கீழயே இருந்துச்சு. அதப் படிச்சுட்டு இப்படி எழுத யாருக்குங்க மனசு வரும்? வெளிய சொன்னா என் வண்டவாளமும் வந்துரும்னு அமுக்கிட்டேன்."

இதுதான் கிருபா சொன்ன சுத்தம் பண்ற வேலை! அவளைப் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். ஒரே ஈமெயில், ஒரே பாஸ்வேர்டு, அதே பலகைத் தடுப்பு. அங்கே யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து ஒருத்தன் அசிங்கம் பேசினான். ஒருத்தர் அதற்கு எச்சில் ஒழுகப் பதில் எழுதினார். ஒருத்தி தன் பெயரைக் கெடுத்தவர்களுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டு எழுதினாள். நான் தையல்காரி. ஜாக்கெட்டை உள்பக்கம் புரட்டிப் பார்த்தால் தைத்தவள் எப்படிப்பட்டவள் என்று எனக்குத் தெரிந்துவிடும். அன்றைக்கு ஆண்டவர் எங்கள் எல்லாரையும் புரட்டிப் போட்டுக் காட்டினார். என் மகளுடைய உள்தையல் வெளித்தையலைவிட நன்றாக இருந்தது.

போதகர் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "வேறு யாருக்காவது தடை உண்டா?" என்று கேட்டார். கோயிலில் முதலில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தோம், அழுதுகொண்டே. சம்பந்தியம்மா எழுந்து வந்து கிருபாவின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "என்னய மன்னிச்சுரு தாயி" என்றார்கள். மாமா ஆராதனை முடிகிறவரை தலை நிமிரவில்லை. வெளியே வந்ததும் ஸ்டீபனின் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது, ஆனால் கேட்கவில்லை.

என் வீட்டுக்காரர் என்ன சொல்வாரோ என்றுதான் எனக்குப் பயம். அவர் கோயில் வாசலில் மகன் வரும்வரை காத்திருந்தார். வந்ததும் அவன் தோளில் கை போட்டு, "வாடா, வூட்டுக்குப் போயிச் சாப்புடலாம். ஒரு வாரமா நீ சரியாச் சாப்புடல" என்றார். அன்றைக்கு என் மகன் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான்.

மூன்றாவது ஓலை அடுத்த வாரமே வாசித்தார்கள். குறித்த தேதியில் கல்யாணம் நடந்தது. சாப்பாட்டுப் பந்தியில் இலை போட்டதும் தண்ணீர் ஊற்றியதும் சென்னை மாமாதான். ரபீக் தம்பி குடும்பத்தோடு வந்திருந்தார்.

இதை எழுதும்போது 2007ஆம் வருஷம் முடியப் போகிறது. பெரம்பலூரும் அரியலூரும் இரண்டு மாவட்டமாகப் பிரிந்துவிட்டன. எங்கள் சம்பந்தம் பிரியவில்லை. கிருபாவுக்கு ஒரு பொண்ணு குழந்தை, என்னை மாதிரியே வாய். ஸ்டீபன் படிப்பை முடித்துவிட்டுத் திருச்சியில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்க்கிறான். சனிக்கிழமை வாலிபர் கூட்டத்துக்குத் தவறாமல் வந்துவிடுவான். புதிதாக ஈமெயில் திறக்கிற பிள்ளைகளை அவனே கூட்டிக்கொண்டு போய், அவரவர் பெயரில் அவரவருக்கு ஒன்று திறந்து கொடுக்கிறான். தன் கதையை மறைக்காமல் சொல்கிறான். "என் பேர்ல நான் பேசும்போது எப்படிப் பேசுவேனோ, அப்படித்தான்டா எங்கயும் பேசணும்" என்பான். எனக்கும் ஒன்று திறந்து கொடுத்திருக்கிறான். ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டி, கிருபாவுக்கு வாரம் ஒரு மெயில் போடுகிறேன். நான் எழுதுவதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், பேத்திக்குக் காய்ச்சல் விட்டதா என்பதுதான் பெரும்பாலும் இருக்கும்.

உன் மகன் செய்த காரியத்தைச் சொல்லிவிட்டுப் பெருமைப்படுகிறாயே என்று சிலர் என்னைக் கேட்கிறார்கள். அவன் செய்ததற்காக நான் இன்றும் ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் அத்தனை பேர் நடுவில், யாரும் பிடிக்காமல், யாரும் சொல்லாமல், அவனாக எழுந்து நின்றானே, அதற்கு நான் பெருமைப்படுவேன். என் மூச்சு உள்ளவரை பெருமைப்படுவேன். வாயே திறக்காமல் தம்பிக்காகப் பொறுத்தாளே என் மகள், அவளுக்காகவும். பிள்ளைகளைப் பற்றிப் பயந்துகொண்டு இதை வாசிக்கிற தாய்மார்களே, தகப்பன்மார்களே, உங்கள் வீட்டுக்கும் வெளிச்சம் கேளுங்கள். அது அடுத்த வீட்டில்தான் விழ வேண்டும் என்று மட்டும் கேட்காதீர்கள். உங்கள் வீட்டிலேயே விழுந்தாலும் நிற்கப் பெலன் கொடுக்கிறவர் அவரே. எனக்குக் கொடுத்தார், உங்களுக்கும் கொடுப்பார்.

இப்போதும் எங்கள் சபையில் யாருக்காவது ஓலை வாசித்து, "தடை உண்டா?" என்று போதகர் ஐயா கேட்கும்போது, ஜனங்கள் எல்லாரும் ஒரு தடவை திரும்பி என் மகனைப் பார்ப்பார்கள். அவன் உட்கார்ந்தபடியே சிரிப்பான். நான் புடவைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டு, முன்வரிசையில் நன்றாக நிமிர்ந்து உட்காருவேன்.